கண்ணில் விட்டால் ஆபத்து. வங்கியில் கொடுத்தால் உயிர்! தாய்ப்பால் பற்றி மலை மக்களுக்கு ஒரு சேதி

குன்னூர்:-

கண் சிவந்தால் தாய்ப்பால். காது வலித்தால் தாய்ப்பால். மூக்கு அடைத்தால் தாய்ப்பால்.

தமிழ்நாட்டில் இந்தக் கைவைத்தியத்தைக் கேள்விப்படாத வீடு குறைவு. குன்னூர் மலையும் அதற்கு விலக்கு அல்ல.

தோட்டத்து லைனில் பச்சை உடம்புக்காரி ஒருத்தி இருந்தால் போதும். பக்கத்து வீட்டுக்காரர் பாலாடையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

"ஏம்மா, ரெண்டு சொட்டு கொடேன். மாமாவுக்குக் கண்ணு எரியுதாம்!"

அவளும் மறுக்கமாட்டாள். பால் கேட்டு இல்லை என்று சொன்னால் பாவம் என்பது பெரியவர்கள் சொல்லி வைத்த பேச்சு.

இன்னொரு பக்கம், பிள்ளை குடித்து மிஞ்சிய பால் என்ன ஆகிறது? கால் மிதிபடாத இடமாகப் பார்த்து, சுவரோரமோ செடியடியிலோ பீய்ச்சி விடுகிறார்கள்.

கண்ணில் விடக்கூடாத பால் கண்ணுக்குப் போகிறது. ஓர் உயிரைக் காப்பாற்றக்கூடிய பால் மண்ணுக்குப் போகிறது!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

நேற்று வந்த பழக்கம் அல்ல

தாய்ப்பாலை மருந்தாகப் பார்ப்பது பாட்டிமார் கட்டிய கதை அல்ல.

ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை எட்டு வகைப் பாலைச் சொல்கிறது. பசு, எருமை, ஆடு, ஒட்டகம் என்று போகும் அந்தப் பட்டியலில் பெண்ணின் பாலும் ஒன்று. கண்வலிக்குக் கண்ணில் விடவும், ரத்தம் ஒழுகும் நோய்க்கு மூக்கில் விடவும் அது சொல்லப்பட்டிருக்கிறது.

நம் சித்த வைத்தியத்தில் "முலைப்பால்" ஒரு துணை மருந்து. மாத்திரையை உரைத்துக் குழைக்க தேன், வெந்நீர், தாய்ப்பால் என்று மூன்றில் ஒன்றைச் சொல்வது வழக்கம்.

கிராமத்து உரை மருந்தும் அப்படித்தான். வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு ஆகியவற்றைக் கல்லில் இரண்டு இழைப்பு இழைத்து, தாய்ப்பாலில் குழைத்துப் பிள்ளையின் நாக்கில் தடவுவார்கள்.

பாலுக்குள் என்ன இருக்கிறது?

இன்றைய டாக்டர்களும் தாய்ப்பாலில் மருந்துச் சத்து இருக்கிறது என்பதை மறுக்கவில்லை.

கிருமியைப் பிடித்து வைக்கும் எதிர்ப்புப் பொருள், கிருமிக்கு இரும்புச் சத்து கிடைக்காமல் செய்யும் லாக்டோபெரின், கிருமியின் ஓட்டை உடைக்கும் லைசோசைம் ஆகியவை அதில் இருக்கின்றன. உயிருள்ள வெள்ளை அணுக்களும் இருக்கின்றன.

பிரசவம் ஆன முதல் சில நாட்களில் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலில் இந்தச் சத்து மிக அதிகம். "அது கெட்ட பால்" என்று பீய்ச்சிக் கொட்டுகிறவர்கள் இன்னும் உண்டு. பிள்ளைக்குக் கிடைக்கவேண்டிய முதல் தடுப்பு மருந்தைக் கொட்டுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

அப்படியென்றால் கண்ணில் விட்டால் என்ன தப்பு? இங்கேதான் விஷயமே இருக்கிறது.

கண்ணுக்கு ஏன் கூடாது?

கண்ணில் விடும் மருந்தில் ஒரு கிருமிகூட இருக்கக்கூடாது. அதனால்தான் மருந்துக்கடையில் விற்கும் சொட்டு மருந்து சீல் வைத்து வருகிறது. திறந்து ஒரு மாதம் ஆனால் தூக்கிப் போடு என்று சொல்கிறார்கள்.

தாய்ப்பால் அப்படி அல்ல. தாயின் தோலில் இருக்கும் கிருமி அதில் கலந்துதான் வரும். அது பிள்ளையின் வயிற்றுக்குக் கெடுதல் செய்யாது. பாலில் சர்க்கரையும் உண்டு. பாலாடை, விரல், பஞ்சு என்று அது கடந்து வரும் வழியெல்லாம் அழுக்கு. புண்பட்ட கண்ணில் இது விழுந்தால் கிருமிக்கு விருந்து வைத்த மாதிரி!

"எனக்குப் போட்டாங்க, சரியாப் போச்சே?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

சரியாகத்தான் போகும். ஏனென்றால், "மெட்ராஸ் ஐ" என்று நாம் சொல்லும் கண்வலி பெரும்பாலும் வைரஸ் கிருமியால் வருவது. பால் விட்டாலும் விடாவிட்டாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும். நோய் தானாகப் போகிறது. பெயரைத் தாய்ப்பால் வாங்கிக்கொள்கிறது!

ஆனால் எல்லாச் சிவப்பும் மெட்ராஸ் ஐ அல்ல.

கவ்வாத்து வெட்டும்போது தேயிலைக் குச்சி கண்ணில் குத்தும். கொழுந்து எடுக்கும்போது இலை உரசும். தோட்ட வேலையில் இது நடக்கக்கூடியதுதான். செடி, குச்சி, இலை பட்ட காயத்தில் காளான் வகைக் கிருமி புகுந்து கருவிழியில் புண் வைக்கும். பார்வையையே பறிக்கக்கூடிய புண் அது.

அந்தக் கண்ணில் பாலை விட்டுவிட்டு, "நாளைக்குப் பார்க்கலாம், நாளை மறுநாள் பார்க்கலாம்" என்று இருந்தால் என்ன ஆகும்? நாலாம் நாள் கருவிழியில் வெள்ளைப் புள்ளி விழும். அப்புறம் எந்த டாக்டராலும் பழைய பார்வையை முழுதாகத் திருப்பிக் கொடுக்க முடியாமல் போகலாம்.

மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி டாக்டர்கள், கருவிழிப் புண்ணோடு வந்தவர்கள் அதற்கு முன்பு என்ன வைத்தியம் செய்துகொண்டார்கள் என்று விசாரித்து 1999-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நாட்டு வைத்தியம் செய்துகொண்டு வந்தவர்கள் அதில் பலர். கண்ணில் விட்ட பொருள்களில் தாய்ப்பாலும் ஒன்று.

பச்சைக் குழந்தையின் கண்

பிறந்த குழந்தையின் கண்ணில் பீளை கட்டுவது சகஜம். கண்ணீர் போகும் குழாய் சரியாகத் திறக்காதது அதற்கு ஒரு காரணம்.

குழந்தையின் கண்ணில் சீம்பால் விட்டால் பீளை குறைகிறது என்று 1982-ல் நம் நாட்டு டாக்டர்களே ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். ஆனாலும் அதை வீட்டில் செய்து பார்க்கும் வைத்தியமாக டாக்டர்கள் சொல்வதில்லை.

காய்ச்சி ஆறிய நீரில் சுத்தமான பஞ்சை நனைத்து, மூக்கோரத்தில் இருந்து வெளிப்பக்கமாகத் துடைத்தால் போதும் என்கிறார்கள்.

பிறந்து ஒரு மாதத்துக்குள் இமை வீங்கி, சீழ் வடிந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்கக்கூடாது. தாயிடம் இருந்து பிரசவத்தின்போது தொற்றிய கிருமியாக இருக்கலாம். கண்ணையே கெடுத்துவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும்.

காதில் விடுவதும் வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் பால் உள்ளே போய்ச் சீழ் பிடிக்கும். மூக்கில் பீய்ச்சுவதும் வேண்டாம். புரையேறி மூச்சு முட்டும் அபாயம் உண்டு.

எதற்கு நல்லது?

எல்லாமே வேண்டாம் என்று சொல்லவில்லை. டாக்டர்களே ஒப்புக்கொள்ளும் சில உபயோகங்கள் இருக்கின்றன.

மார்புக் காம்பு வெடித்துப் புண்ணானால், பால் கொடுத்து முடித்த பிறகு இரண்டு சொட்டுப் பாலையே தடவிக் காற்றாட விடலாம். கடையில் களிம்பு வாங்கத் தேவையில்லை.

குழந்தையின் அரை இடுக்கில் ஈரத்துணி பட்டு வரும் சிவப்புத் தடிப்புக்கும் தடவிப் பார்க்கலாம். லேசான ஸ்டீராய்டு களிம்போடு ஒப்பிட்டு ஈரானில் செய்த ஆய்வில், தாய்ப்பால் அதற்குச் சமமாக வேலை செய்தது தெரியவந்தது.

ஊசி வலிக்கும் இது மருந்து. புதன்கிழமை தடுப்பூசி போடும்போது பிள்ளையை மார்பில் அணைத்துப் பால் கொடுத்துக்கொண்டே ஊசி போட்டால் அழுகை குறைகிறது. இது பல நாடுகளில் சோதித்து உறுதி செய்த விஷயம்.

உரை மருந்து மட்டும் ஜாக்கிரதை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறு எதுவும், தண்ணீர்கூட, வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. வசம்பு அளவு மீறினால் விஷம். பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று இழைத்துக் கொடுக்காதீர்கள்.

புற்றுநோய் முதல் ஐஸ்கிரீம் வரை

வெளிநாட்டுச் சேதியும் இருக்கிறது.

தாய்ப்பாலில் உள்ள ஒரு புரதம், ஒருவகைக் கொழுப்பு அமிலத்தோடு சேரும்போது புற்றுநோய் அணுக்களைக் கொல்கிறது என்பதைச் சுவீடன் நாட்டு லண்ட் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் கண்டுபிடித்து 1995-ல் வெளியிட்டார்கள். அந்தக் கலவைக்கு "ஹேம்லெட்" என்று பெயர். ஆனால் அது சோதனைச்சாலையில் பிரித்து எடுத்த பொருள். தாய்ப்பால் குடித்தால் புற்றுநோய் தீரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

2011-ல் லண்டன் மாநகரில் ஒரு கடைக்காரர் தாய்ப்பாலில் ஐஸ்கிரீம் செய்து விற்றார்! நகர சபை அதிகாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

பாலை உறையவைத்து, பிசின் ஊற்றி, மோதிரத்திலும் டாலரிலும் பதித்துக் கொடுக்கிறவர்கள் இப்போது நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். பிள்ளை குடித்த பால் ஞாபகமாகக் கழுத்தில் கிடக்கட்டும் என்பது தாய்மாரின் ஆசை. அதில் கெடுதல் ஒன்றும் இல்லை.

50 மில்லி 500 ரூபாய்!

கெடுதல் விற்பனையில் இருக்கிறது.

2024 மே மாதக் கடைசியில் சென்னை மாதவரத்தில் ஒரு கடையில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் திடீர் சோதனை போட்டார்கள். சின்னச் சின்ன பாட்டில்களில் தாய்ப்பால் இருந்தது. 50 மில்லி பாட்டில் 500 ரூபாய்க்கு விற்கப்பட்டதாகத் தெரியவந்தது. கடைக்குச் சீல் வைத்தார்கள்.

அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், மே 24-ந் தேதி, தாய்ப்பாலை விற்பது சட்டவிரோதம் என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அறிக்கை விட்டிருந்தது. தானமாகக் கொடுக்கலாம். காசுக்கு விற்கக்கூடாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? அமெரிக்காவில் இன்டர்நெட் மூலம் காசு கொடுத்து வாங்கிய 101 பாட்டில் பாலைச் சோதித்து 2013-ல் முடிவு வெளியிட்டார்கள். முக்கால்வாசிப் பாட்டில்களில் கிருமி மிகுந்திருந்தது. 2015-ல் இன்னொரு சோதனை. 102 பாட்டில்களில் 11-ல் பசும்பால் கலந்திருந்தது!

பால்காரர் தண்ணீர் கலந்தால் கண்டுபிடித்துவிடலாம். தாய்ப்பாலில் கலப்படம் செய்தால் எந்தத் தாய் கண்டுபிடிப்பாள்?

வங்கி என்றால் என்ன?

தானம் வாங்கும் இடத்துக்குத் தாய்ப்பால் வங்கி என்று பெயர். ஆசியாவிலேயே முதல் வங்கி 1989-ல் பம்பாய் சயான் ஆஸ்பத்திரியில் தொடங்கியது. தொடங்கியவர் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் என்ற குழந்தை மருத்துவர். தமிழ்நாட்டில் சென்னை எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி, கோவை அரசு ஆஸ்பத்திரி முதலிய இடங்களில் வங்கி இருக்கிறது.

யாருக்கு இந்தப் பால்? முக்கியமாக, குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு.

ஒரு கிலோ எடையில் பிறந்த பிள்ளைக்கு உறிஞ்சிக் குடிக்கும் தெம்பு இருக்காது. மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ மெல்லிய குழாய் விட்டுப் பால் கொடுப்பார்கள். முதல் நாட்களில் ஒரு வேளைக்கு சில மில்லி மட்டுமே. வளர்ந்து வரும்போதும் நாள் முழுவதற்கும் சுமார் 150 மில்லி. டீக்கடைக் கிளாஸ் ஒன்று, ஒன்றரை!

தாயின் பால் இல்லாமல் டப்பா மாவுப் பால் கொடுத்தால், இந்தக் குழந்தைகளுக்குக் குடல் அழுகும் நோய் வரும் அபாயம் தானப் பால் குடிக்கும் குழந்தைகளைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. வந்தால் ஆபரேஷன், பல சமயம் உயிரே போய்விடும்.

சுவரில் பீய்ச்சி விடும் ஒரு கிளாஸ் பால், அங்கே ஓர் உயிர்.

இது மலைக்குத் தூரத்துச் சங்கதி அல்ல. சிக்கலான பிரசவம் என்றால் மேட்டுப்பாளையம் ரோட்டில் கோவைக்கு ஆம்புலன்ஸ் இறங்குவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். உடம்பு தேறாத தாய்க்கு முதல் நாட்களில் பால் ஊறுவது தாமதம் ஆகலாம். அந்தப் பிள்ளைக்கு யாரோ ஒரு தாய் கொடுத்த பால்தான் துணை.

குன்னூருக்குத் தெரிந்த பெயர்

தானமாக வந்த பாலை அப்படியே கொடுத்துவிடமாட்டார்கள். கொடுக்கும் தாய்க்கு எய்ட்ஸ் கிருமி, மஞ்சள்காமாலை பி, மேகநோய் இருக்கிறதா என்று ரத்தம் சோதிப்பார்கள். பிறகு பாலை 62.5 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்து, சட்டென்று குளிரவைத்து, மீண்டும் கிருமி சோதனை செய்து, மைனஸ் 20 டிகிரியில் உறையவைப்பார்கள்.

இந்தச் சூட்டு முறைக்குப் பெயர் "பாஸ்டரைசேஷன்". பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? சிம்ஸ் பூங்கா பக்கத்தில் 1907-ல் தொடங்கிய நம் ஊர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டுக்கு யார் பெயரோ, அதே லூயி பாஸ்டர்தான்! நாய்க்கடிக்கு மருந்து தந்த அதே மனிதரின் இன்னொரு முறை இது.

அந்த இன்ஸ்டிடியூட் வளாகத்தில்தான் ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் 1918-ல் சத்துக்குறைவு நோய் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அது வளர்ந்து ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடம் ஆனது. 1958-ல் ஐதராபாத்துக்குப் போய், பிறகு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது.

அந்தக் கூடத்தைச் சேர்ந்த, சேலத்தில் பிறந்த டாக்டர் சி.கோபாலன் 1950-களில் ஏழைத் தாய்மாரின் பாலை ஆராய்ந்தார். அரை வயிறு சாப்பிடும் தாயின் பாலிலும் புரதச் சத்து பெரிதாகக் குறையவில்லை. வைட்டமின்கள்தான் குறைந்திருந்தன. தன் உடம்பு கரைந்தாலும் பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறாள் தாய்! "எஸ்டேட்டுக்காரி பாலில் என்ன சத்து இருக்கப்போகிறது?" என்று கேட்கிறவர்களுக்குக் குன்னூர் கூடமே பதில் சொல்லிவிட்டது.

ஆனால் அதற்காகத் தாயைப் பட்டினி போடலாம் என்று அர்த்தம் இல்லை. பால் கொடுக்கும் பெண்ணுக்குக் கீரை, முட்டை, பருப்பு, பழம் கூடுதலாகப் போடவேண்டும்.

யார் கொடுக்கலாம்?

தன் பிள்ளை வயிறாரக் குடித்து, எடை சரியாக ஏறி வந்தால், மிஞ்சியதை எந்தத் தாயும் கொடுக்கலாம். தன் பிள்ளைக்குத்தான் முதல் உரிமை. பீடி, சிகரெட், மது பழக்கம் உள்ளவர்கள் கொடுக்கக்கூடாது. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லவேண்டும். பணம் கிடைக்காது. வங்கியில் இருந்து பால் வாங்கும் குழந்தையின் பெயரும் சொல்லமாட்டார்கள்.

"எடுக்க எடுக்க வற்றிவிடுமே!" என்று மாமியார் பயப்படுவார். வற்றாது. எடுக்க எடுக்க ஊறும். மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சல் வருவதும் குறையும்.

குன்னூர் குளிர்தானே என்று ஜன்னலோரம் வைத்துவிடாதீர்கள். பீய்ச்சிய பால் வெளியில் 4 மணி நேரம்தான் தாங்கும். பிரிஜ்ஜுக்குள் 4 நாள். பிரீசருக்குள் சில மாதம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிநீரில் போட்டு எடுத்த பாத்திரத்தில் பிடிக்கவேண்டும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நேரடியாகப் பால் கொடுப்பது அந்தக் காலத்தில் உறவாக இருந்தது. இன்று ரத்தம் சோதிக்காமல் அதைச் செய்வது நல்லதல்ல. எய்ட்ஸ் கிருமி பால் வழியாகவும் போகும்.

ஆகஸ்டு முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரம். 1992 முதல் நடந்து வருகிறது. ஆனால் பால் கொடுக்க நாள், கிழமை பார்க்கத் தேவையில்லை. கோவையில் பிரசவத்துக்கோ, பிள்ளையின் சிகிச்சைக்கோ தங்கியிருப்பவர்கள் அங்குள்ள வார்டு நர்சிடம் ஒரு வார்த்தை கேட்டால் வழி சொல்லுவார். மலையில் இருப்பவர்கள் லாலி ஆஸ்பத்திரியிலோ, கிராம நர்சிடமோ, 104 என்ற நம்பரிலோ விசாரிக்கலாம்.

பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கும் மூன்றாம் நாள் பால் ஊறும். அந்த வேதனையைச் சொல்ல வார்த்தை இல்லை. பால் வற்ற மருந்து கேட்கும் முன், "கொடுக்க முடியுமா?" என்று டாக்டரைக் கேட்கும் பெண்களும் உண்டு. கட்டாயம் ஏதும் இல்லை. மனம் இருந்தால் வழி இருக்கிறது.

அடுத்த தடவை பக்கத்து வீட்டுக்காரர் பாலாடையோடு கண்ணுக்கு மருந்து கேட்டு வந்தால், பால் கொடுக்காதீர்கள். பஸ் காசு வேண்டுமானால் கொடுத்து, கண் டாக்டரிடம் அனுப்பி வையுங்கள். பாவம் ஒன்றும் வராது!